படம் பத்திரம்... பேர் எங்கே?

திருக்கோவிலூருக்குப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். ஊரை ஒட்டி ஓடுகிற தென்பெண்ணை ஆற்றுக்கு நடுவே ஒரு பாறை. அதன் தலையில் தொப்பி வைத்த மாதிரி ஒரு சின்னக் கோயில். உள்ளூரில் யாரைக் கேட்டாலும் பெயர் சொல்லுவார்கள். கபிலர் குன்று.

ஆமாம், சங்கப் புலவர் கபிலரேதான். பாரியின் உயிர்த்தோழர். மூவேந்தர்களும் சேர்ந்துகொண்டு பாரியின் கதையை முடித்த பிறகு, ஆதரவில்லாமல் நின்ற அவனது பெண்களை அழைத்துக்கொண்டு வாசல் வாசலாக ஏறி இறங்கியவர். கடைசியில் இந்தப் பெண்ணையாற்றங்கரைக்கு வந்து, அந்தப் பொறுப்பை முடித்துவிட்டு, இந்தப் பாறையில்தான் உயிரை விட்டார் என்பது ஊர் நம்பிக்கை.

நல்லது. இப்போது ஒரு கேள்வி. இது கபிலர் குன்று என்று யார் சொன்னது?

பாறையைப் பார்த்தால் பாறையாகத்தான் தெரிகிறது. தமிழ்நாட்டு ஆறுகளில் இதைப்போல எத்தனையோ கிடக்கின்றன. விஷயத்தைச் சொன்னது இந்தப் பாறை அல்ல, ஒரு சுவர். பக்கத்திலேயே கீழையூரில் இருக்கிறது வீரட்டானேஸ்வரர் கோயில். அங்கே முதலாம் ராஜராஜன் (985-1014) காலத்துக் கல்வெட்டு ஒன்று, செய்யுள் நடையில் இருக்கிறது. பாரியின் மகளை மலையனிடம் சேர்ப்பித்துவிட்டுக் கபிலர் தீப்புகுந்தார் என்று அது சொல்கிறது. அந்த இடத்துக்குக் 'கபிலக்கல்' என்று பெயரும் கொடுக்கிறது.

கவனித்தீர்களா? பொருள் ஓரிடத்தில். அது என்ன பொருள் என்கிற குறிப்பு இன்னோரிடத்தில். பாறை ஆற்றில் இருக்கிறது, பெயர் கோயில் சுவரில் இருக்கிறது. நாளைக்கே யாராவது அந்தப் பாறையை அப்படியே பெயர்த்தெடுத்து அருங்காட்சியகத்தில் கொண்டு வைத்தார்கள் என்று வையுங்கள். பாறை பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிடும். கபிலர் போய்ச் சேரமாட்டார்.

உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் தூங்குகிற பத்தாயிரம் புகைப்படங்களுக்கும் இதே ஆபத்துதான். எப்படி என்று பார்ப்போம்.

*

2008-ல் பெண்ணுக்குக் காது குத்து. டிஜிட்டல் கேமராவில் 400 படங்கள். ஆசை ஆசையாக உட்கார்ந்து கம்ப்யூட்டரில் ஏற்றி, பிக்காஸாவில் வரிசைப்படுத்தி, ஒவ்வொரு முகத்துக்கும் பெயர் கொடுத்து, 'மாமா மடியில் காது குத்தும்போது' என்று கீழே குறிப்பும் எழுதி வைத்தாகிவிட்டது. வருஷங்கள் ஓடுகின்றன. புது கம்ப்யூட்டர் வருகிறது. படங்களையெல்லாம் எடுத்து அதில் போட்டுப் பார்த்தால் பகீரென்கிறது. 400 படமும் இருக்கிறது. ஆனால் எல்லாவற்றுக்கும் இன்றைய தேதி. முகத்துக்குக் கொடுத்த பெயர்களைக் காணோம். ஆல்பமாக அடுக்கிய வரிசையைக் காணோம். மிச்சமிருப்பது ஐஎம்ஜி 0023, ஐஎம்ஜி 0024 என்று ஜெயில் கைதி மாதிரி நம்பர் மட்டும்.

பலர் வீட்டில் நடக்கிற கதை இது. வைரஸ் என்பார்கள், ஹார்ட் டிஸ்க் கோளாறு என்பார்கள். இரண்டும் இல்லை. குறிப்பு தொலைந்ததற்குக் காரணம், அது முதலிலிருந்தே படத்துக்குள் இல்லை என்பதுதான்.

காமர்ஸ் படித்தவர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லிவிடலாம். ஜர்னல் என்ட்ரி போடும்போது பற்று, வரவு இரண்டையும் எழுதிவிட்டு அதற்குக் கீழே ஒரு வரி எழுதச் சொல்லுவார்கள். நேரேஷன். இன்னாருக்கு இன்ன காரணத்துக்காகக் கொடுத்தது என்கிற விளக்கம். அதை விட்டுவிட்டாலும் கூட்டல் சரியாகத்தான் வரும், டிரையல் பாலன்ஸ் டாலி ஆகும். ஆனால் மூன்று வருஷம் கழித்து ஆடிட்டர் வந்து, 'இந்த 5,000 ரூபாய் யாருக்குக் கொடுத்தது?' என்று கேட்கும்போது விழிக்கவேண்டிவரும். தொகை இருக்கும். சங்கதி இருக்காது.

புகைப்படத்துக்கான நேரேஷனைத்தான் கம்ப்யூட்டர்காரர்கள் மெட்டாடேட்டா என்கிறார்கள். தகவலைப் பற்றிய தகவல். எப்போது எடுத்தது, எங்கே எடுத்தது, எந்தக் கேமரா, படத்தில் இருப்பவர் யார், எடுத்தவர் யார். படத்தைப் பார்த்தால் கண்ணுக்குத் தெரியாத, ஆனால் படத்துக்கு அர்த்தம் கொடுக்கிற சமாசாரங்கள்.

*

இந்த நேரேஷனைப் படத்தோடு ஒட்டிவைக்க மனுஷன் பட்டபாடு கொஞ்சநஞ்சமல்ல.

ஆரம்பத்தில் ரொம்ப எளிய வழி. படத்தைத் திருப்பிப் பின்பக்கம் எழுதுவது. நம் தாத்தாக்கள் செய்தார்கள். ஸ்டூடியோக்காரர் அட்டையில் ஒட்டிக் கொடுத்த படத்துக்குப் பின்னால் 'சி. பங்குனி உத்திரம் அன்று எடுத்தது' என்று மசியில் எழுதிவைத்தார்கள். பத்திரிகை ஆபீஸ்களில் டைப் அடித்த துண்டுத் தாளைப் படத்தின் முதுகில் ஒட்டினார்கள். இதில் ஒரே சிக்கல், படத்தை இன்னொரு பிரதி எடுத்தால் முன்பக்கம்தான் பிரதியாகும். முதுகு பிரதியாகாது. இந்த ஒரு வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு உங்கள் கம்ப்யூட்டரில் நடப்பதும் இதேதான்.

முதுகில் எழுதினால்தானே பிரச்னை, நெகட்டிவிலேயே எழுதிவிட்டால்? இப்படி யோசித்தவர் ஹென்றி கெய்ஸ்மன் என்கிற அமெரிக்கர். கேமராவின் பின்புறம் ஒரு குட்டிக் கதவு. படம் எடுத்ததும் அதைத் திறந்து, ஓர் இரும்புக் குச்சியால் தேதியையும் இடத்தையும் எழுதவேண்டும். உள்ளே ஃபிலிமுக்குப் பின்னால் கார்பன் தாள். எழுதிய இடத்தில் வெளிச்சம் பாய்ந்து, ஃபிலிமின் ஓரத்திலேயே எழுத்து பதிந்துவிடும். இந்த யோசனைக்கு கோடக் கம்பெனி கொடுத்த விலை மூன்று லட்சம் டாலர். 1914-ல்! 'ஆட்டோகிராஃபிக்' என்று பெயர் வைத்து விற்றார்கள். ஆனால் ஜனங்களுக்குப் படம் எடுப்பதில் இருந்த ஆர்வம் குச்சியை எடுத்து எழுதுவதில் இல்லை. 1932-ல் அந்த ஃபிலிமை நிறுத்திவிட்டார்கள். மனுஷனுக்கு எழுதச் சோம்பல் என்பது கம்ப்யூட்டருக்கு முந்தைய வியாதி.

அப்புறம் 1980, 90களில் தேதி அச்சடிக்கிற கேமராக்கள் வந்தன. படத்தின் மூலையில் ஆரஞ்சு நிறத்தில் எண்கள் மின்னுமே, அதுதான். பாட்டரி மாற்றும்போது தேதியைச் சரிசெய்யாமல் விட்டு, பிறக்காத குழந்தைக்குப் பிறந்தநாள் படம் எடுத்த குடும்பங்கள் ஏராளம்.

டிஜிட்டல் யுகம் வந்ததும்தான் விஷயம் உருப்படியானது. 1995-ல் ஜப்பானில் கேமரா, எலெக்ட்ரானிக்ஸ் தயாரிப்பாளர்கள் சேர்ந்து 'எக்ஸிஃப்' என்றொரு ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். பொத்தானை அழுத்திய நொடியில் தேதி, நேரம், கேமராவின் பெயர், எத்தனை வெளிச்சம் உள்ளே வந்தது என்பதையெல்லாம் கேமராவே படக்கோப்புக்குள் எழுதிவிடும். பிற்பாடு செல்போன் வந்ததும் ஜி.பி.எஸ். புண்ணியத்தில் எடுத்த இடமும் சேர்ந்துகொண்டது. இரும்புக் குச்சி வேண்டாம், கார்பன் தாள் வேண்டாம்.

ஆனால் படத்தில் இருப்பது சித்தப்பாவா பெரியப்பாவா என்று கேமராவுக்குத் தெரியாதல்லவா? அதற்கு வேறோர் ஏற்பாடு. உலகச் செய்தி நிறுவனங்கள் 1965-ல் தொடங்கிய ஐ.பி.டி.சி. என்கிற அமைப்பு, படத்துக்குத் தலைப்பு, குறிப்பு, எடுத்தவர் பெயர் எல்லாவற்றுக்கும் ஓர் அலமாரி தயார்செய்தது. 1990களில் பத்திரிகைகள் அதைப் பிடித்துக்கொண்டன. 2001-ல் அடோபி நிறுவனம் எக்ஸ்.எம்.பி. என்று இன்னும் பெரிய அலமாரி ஒன்றைக் கொண்டுவந்தது. யூனிகோட் இருப்பதால் இதில் தமிழும் ஜம்மென்று உட்காரும்.

ஆக, அலமாரிகளுக்குக் குறைவில்லை. மூன்று இருக்கின்றன. பிறகு ஏன் குறிப்பு தொலைகிறது?

*

தொலைவதற்குக் காரணம், படங்களைப் பராமரிக்கிற மென்பொருள்கள் நீங்கள் எழுதுவதை இந்த அலமாரிகளில்தான் வைக்கும் என்று கட்டாயமில்லை. பல மென்பொருள்கள் தனக்கென்று ஒரு பேரேடு வைத்துக்கொள்கின்றன. நீங்கள் பெயர் கொடுத்தால் அந்தப் பேரேட்டில் 'நம்பர் 23, மாமா' என்று எழுதிக்கொள்ளும். திரையில் பார்க்கும்போது படத்தையும் பேரேட்டையும் சேர்த்துக் காட்டும். நீங்கள் படத்திலேயே எழுதியிருப்பதாக நினைத்துக்கொள்வீர்கள். படக்கோப்புக்கு ஒன்றும் தெரியாது.

பிக்காஸாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2002-ல் பிறந்தது, 2004-ல் கூகுள் வாங்கியது, 2016-ல் மூடியது. ஜேபெக் படத்துக்கு நீங்கள் எழுதிய குறிப்பைப் பெரும்பாலும் படத்துக்குள்ளேயே எழுதும் நல்ல பிள்ளைதான். ஆனால் முகங்களின் பெயர், நட்சத்திரம், ஆல்பம் போன்றவற்றை ஒவ்வொரு ஃபோல்டரிலும் 'பிக்காஸா.ஐஎன்ஐ' என்று கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருக்கும் ஒரு குட்டிக் கோப்பில் வைத்தது. அதிலும் முகத்துக்கு ஓர் எண்தான் இருக்கும். அந்த எண்ணுக்கு உரியவர் யார் என்பது இன்னொரு கோப்பில். படங்களை மட்டும் பொறுக்கி எடுத்தவர்கள் பேரேட்டைப் பழைய கம்ப்யூட்டரிலேயே விட்டுவிட்டு வந்தார்கள். அந்தக் கம்ப்யூட்டர் காயலான் கடைக்குப் போனது. கூடவே மாமாவும் போனார்.

தொழில்முறைப் புகைப்படக்காரர்கள் புழங்குகிற லைட்ரூமில் இந்தப் பேரேட்டுக்கு 'கேட்டலாக்' என்று பெயர். நீங்கள் சொன்னாலொழிய அது மூலப் படத்தில் கைவைக்காது. ஏற்றுமதி செய்யும் ஜன்னலில் 'காப்பிரைட் மட்டும்', 'எல்லா மெட்டாடேட்டாவும்' என்று பட்டியல் வரும். அவசரத்தில் முதலாவது தேர்வாகியிருந்தால் எடுத்த தேதிகூட வெளியே வராது. 'இடத்தை நீக்கு', 'நபர்களை நீக்கு' என்று தனிக் கட்டங்களும் உண்டு. மேக் கம்ப்யூட்டரின் போட்டோஸிலும் இப்படித்தான். ஏற்றுமதி செய்யும்போது தலைப்பு, குறிப்பு, இடம் இவற்றைச் சேர்க்கவா என்று டிக் அடிக்கச் சொல்லிக் கேட்கும். நாம்தான் படிக்காமல் 'ஓகே' தட்டிவிடுவோம்.

கூகுள் போட்டோஸிலிருந்து மொத்தமாகப் படங்களை இறக்கினால் வேறு வேடிக்கை. ஒவ்வொரு படத்தோடும் 'ஜேசன்' என்று ஒரு கோப்பு ஒட்டிக்கொண்டு வரும். ஏதோ குப்பை என்று நினைத்துப் பலபேர் அழித்துவிடுகிறார்கள். குப்பை இல்லை ஐயா! நீங்கள் கூகுளில் உட்கார்ந்து திருத்திய தேதி, எழுதிய குறிப்பு எல்லாம் அந்தக் கோப்பில்தான் இருக்கின்றன. பாறையை எடுத்துக்கொண்டு சுவரை இடித்த கதை.

வாட்ஸ்அப் இன்னும் மோசம். படமாக அனுப்பினால் அளவைச் சுருக்கி எக்ஸிஃப் விவரங்களையும் உருவிவிட்டுத்தான் அனுப்பும்.

முழுக்கத் திட்டவும் முடியாது. உருவுவதற்குக் காரணம் உண்டு. 2012 டிசம்பரில் ஜான் மெக்கஃபி தலைமறைவாக இருந்தார். வைரஸ் தடுப்பு மென்பொருளுக்குப் பெயர்போன அதே மெக்கஃபிதான். பக்கத்து வீட்டுக்காரர் கொலை பற்றி விசாரிக்க பெலீஸ் நாட்டுப் போலீஸ் தேடிக்கொண்டிருந்தது. அவரோடு பயணம் செய்த ஓர் இதழின் நிருபர்கள் பெருமையாக ஒரு படத்தை வெளியிட்டார்கள். படத்துக்குள் ஜி.பி.எஸ். இருந்தது. அவர் குவாத்தமாலாவில் இருப்பது ஊருக்கே தெரிந்துபோனது. சில நாளில் கைதும் ஆனார். வீட்டு வாசலில் நிற்கும் குழந்தையின் படத்தை முகந்தெரியாதவர்களுக்கு அனுப்பும்போது, இடம் தொலைவது நல்லதுதான். ஆனால் நமக்கே நமக்கென்று வைத்துக்கொள்ளும் பிரதியில் தொலைவது நல்லதில்லை.

*

இதெல்லாம் கம்ப்யூட்டர் கொண்டுவந்த தொல்லை என்று நினைத்தால் தப்பு. நம் ஊரில் ஆயிரம் வருஷத்துக்கு முன்பே இது இருந்தது. அதற்கு மருந்தும் கண்டுபிடித்திருந்தார்கள்.

பத்தாம் நூற்றாண்டு. கண்டராதித்த சோழரின் தேவி செம்பியன் மாதேவி, பழைய செங்கல் கோயில்களைக் கருங்கல்லில் எடுத்துக் கட்டிக்கொண்டிருந்த காலம். கும்பகோணம் பக்கத்தில் திருக்கோடிக்காவல். அங்கே பழைய கற்களில் பல்லவர் காலத்திலிருந்து கொடுத்த தானங்களெல்லாம் கல்வெட்டுகளாக இருந்தன. புதுக்கோயில் எழும்பும்போது அந்தக் கற்கள் வேண்டாத கற்கள். தூக்கிப் போட்டால் என்ன ஆகும்? இன்ன நிலம் கோயிலுக்குச் சொந்தம், இன்ன விளக்குக்கு இன்னார் பொன் கொடுத்தார் என்கிற ஆதாரமே போச்சு.

அதனால் பழைய வாசகங்களைப் புதுச்சுவரில் திரும்ப வெட்டிவைத்தார்கள். அதோடு நிறுத்தியிருந்தால் நாமெல்லாம் குழம்பியிருப்போம். ஏன் தெரியுமா? எழுத்து காலத்துக்குக் காலம் மாறும். தேதி சரியாகத் தெரியாத கல்வெட்டின் வயதை எழுத்தின் உருவத்தை வைத்துத்தான் அறிஞர்கள் கணிக்கிறார்கள். பல்லவர் வாசகத்தைச் சோழர் காலத்துச் சிற்பி வெட்டினால் எழுத்து சோழர் எழுத்தாக இருக்கும். காது குத்துப் படங்கள் நானூறுக்கும் இன்றைய தேதி விழுந்ததே, அதே கோளாறு. பிரதி எடுத்த நாள், பிறந்த நாளாகிவிடும்.

சோழர் காலத்து ஆட்கள் கெட்டிக்காரர்கள். பிரதி செய்த கல்வெட்டிலேயே, இது 'பழங்கற்படி' என்று சொல்லிவைத்தார்கள். பழைய கல்லைப் பார்த்து எடுத்த படி என்று அர்த்தம். படி என்றால் பிரதி. ஒரே சொல். ஆயிரம் வருஷம் கழித்துப் படிக்கிறவனுக்கும் விஷயம் புரிந்துவிடுகிறது. பாருங்கள், குறிப்பு வேறெங்கோ பேரேட்டில் இல்லை. அதே கல்லில்.

சங்கப் பாடல்களுக்கும் இப்படித்தான். யார் பாடியது, யாரைப் பாடியது, என்ன சந்தர்ப்பம் என்று ஒவ்வொரு பாட்டின் கீழும் குறிப்பு வரும். சுவடியிலிருந்து சுவடிக்குப் படி எடுத்து எடுத்துச் சில பாட்டுகளுக்குப் பாடியவர் பெயர் இல்லாமல் போய்விட்டது. என்ன செய்தார்கள்? பாட்டுக்குள் இருந்த அழகான ஒரு சொல்லாட்சியை எடுத்து அதையே புலவருக்குப் பெயராக வைத்துவிட்டார்கள். குறுந்தொகையில் வருகிற செம்புலப் பெயல்நீரார் அப்படிப் பிறந்தவர். தமிழின் மிகப் புகழ்பெற்ற காதல் பாட்டுகளில் ஒன்று அவருடையது. ஆனால் அந்த மனிதரை அவருடைய அம்மா என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டாள் என்று யாருக்கும் தெரியாது. இனிமேல் தெரியவும் தெரியாது.

கபிலர் விஷயத்தில் எதிர்மாறான சிக்கல். குறிப்பு ஒன்றுக்கு இரண்டாக இருக்கிறது. புறநானூற்றுப் பாட்டின் அடிக்குறிப்பு அவர் வடக்கிருந்தார் என்கிறது, அதாவது உண்ணாமல் நோன்பிருந்தார். திருக்கோவிலூர்க் கல்வெட்டோ தீப்புகுந்தார் என்கிறது. படத்துக்குள் ஒரு தேதியும் ஜேசன் கோப்பில் வேறொரு தேதியும் இருந்தால் என்ன செய்வது என்று கேட்பார்கள். தமிழறிஞர்கள் என்ன செய்தார்களோ அதையே செய்யுங்கள். இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். எதையும் அவசரப்பட்டு அழிக்காதீர்கள்.

1886-ல் சென்னை மாகாணத்துக்குக் கல்வெட்டாய்வாளராக வந்து சேர்ந்தார் ஹுல்ட்ஷ் என்கிற ஜெர்மானியர். அவரும் அவர் வழிவந்தவர்களும் ஊர் ஊராகப் போய், ஈரத்தாளைக் கல்லில் ஒற்றி, தூரிகையால் தட்டி, மை தடவி, கல்வெட்டை அப்படியே தாளுக்கு மாற்றினார்கள். மைப்படி என்று பெயர். ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்து, எந்த ஊர், எந்தக் கோயில், எந்தச் சுவர், எந்த மன்னன், எத்தனையாவது ஆட்சியாண்டு என்று ஆண்டறிக்கையில் அட்டவணை போட்டார்கள். அந்த அட்டவணை இல்லாமல் மைப்படி மட்டும் இருந்தால்? கறுப்புத் தாளில் வெள்ளை எழுத்து. எந்த ஊர்ச் சுவர் என்று யாருக்குத் தெரியும்?

*

'போகட்டும் சார், காது குத்துப் படத்தில் பேர் இல்லாவிட்டால் குடியா முழுகிவிடும்?' என்று கேட்கலாம். சில சமயம் முழுகும். ஒரு நடராஜர் கதையைக் கேளுங்கள்.

அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான். பூஜை நின்றுபோய்ப் பூட்டிக்கிடந்த கோயில். 2006-ல் அங்கிருந்த நடராஜர் களவுபோனார். 2008-ல் ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடத்தில் போய் நின்றார். நியூயார்க் வியாபாரி சுபாஷ் கபூரிடமிருந்து அவர்கள் கொடுத்து வாங்கிய விலை சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலர். கூடவே காகிதங்களும் இருந்தன. சிலை 1970களின் ஆரம்பத்திலேயே இந்தியாவை விட்டுப் போய்விட்டது என்று சொல்லும் காகிதங்கள். பொய்க் காகிதங்கள்தான். ஆனால் பொய் என்று நிரூபிக்கவேண்டுமே?

நிரூபித்தது ஒரு புகைப்படம். புதுச்சேரியில் 1955-ல் தொடங்கப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், மறு வருஷத்திலிருந்தே தென்னாட்டுக் கோயில்களைப் படமெடுத்து வந்திருக்கிறது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள். அதில் ஒன்று, 1994-ல் ஸ்ரீபுரந்தான் கோயிலில் எடுத்தது. படத்தில் அதே நடராஜர். 70களில் வெளிநாடு போனவர் 94-ல் ஸ்ரீபுரந்தானில் எப்படி நின்றார்? முடிந்தது கதை. 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட் டில்லிக்கு வந்தபோது கையோடு சிலையைத் திருப்பிக் கொடுத்தார். விருத்தாசலத்திலிருந்து போயிருந்த அர்த்தநாரீஸ்வரர் கற்சிலையும் அதே சமயம் திரும்பியது.

கொஞ்சம் யோசியுங்கள். அந்தப் புகைப்படத்தின் பலம் எதில் இருக்கிறது? நடராஜர் அழகாகத் தெரிகிறார் என்பதிலா? அழகான நடராஜர் படங்கள் ஆயிரம் உண்டு. 'ஸ்ரீபுரந்தான், 1994' என்கிற இரண்டு சொல்லில் இருக்கிறது. அந்த இரண்டு சொல்லும் அழிந்து வெறும் படம் மட்டும் கிடைத்திருந்தால் அது ஏதோ ஒரு நடராஜர், ஏதோ ஒரு ஊர், ஏதோ ஒரு வருஷம். பொய்க் காகிதம் ஜெயித்திருக்கும்.

திருக்கோவிலூர் இருக்கும் இதே கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் வீரசோழபுரம் என்கிற ஊர். அங்குள்ள சிவன் கோயிலிலிருந்து பல்லாண்டுகளுக்கு முன் காணாமல்போன செப்புத் திருமேனிகள் அமெரிக்காவில் இருப்பதாக 2022-ல் தமிழகச் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு அறிவித்தது. அடையாளம் காண உதவியதும் புதுச்சேரி நிறுவனத்தின் பழைய படங்கள்தான். எப்போதோ யாரோ ஒருவர் சோம்பல்படாமல் ஊர்ப் பெயரை எழுதிவைத்தார். அவ்வளவுதான்.

*

சரி, உங்கள் படங்களுக்கு வருவோம். குறிப்பு காணாமல் போயிருந்தால் என்ன செய்வது?

முதலில், பழைய கம்ப்யூட்டரையும் பழைய ஹார்ட் டிஸ்க்கையும் காயலான் கடைக்குப் போடாதீர்கள். பேரேடு அங்கேதான் இருக்கிறது.

இரண்டாவது, உண்மையிலேயே தொலைந்துவிட்டதா என்று பாருங்கள். விண்டோஸில் படத்தின் மேல் வலது க்ளிக், ப்ராப்பர்ட்டீஸ், அதில் டீடெய்ல்ஸ். ஒரு படத்துக்கு மூன்று தேதிகள் உண்டு. எடுத்த தேதி, கோப்பு இந்த கம்ப்யூட்டரில் உருவான தேதி, கடைசியாகத் திருத்திய தேதி. பலமுறை எடுத்த தேதி உள்ளே பத்திரமாக இருக்கும். கம்ப்யூட்டர் உருவான தேதியை வைத்து வரிசைப்படுத்திக் காட்டுவதால் நமக்குத்தான் தொலைந்த மாதிரி தெரியும்.

மூன்றாவது, உள்ளேயும் இல்லையென்றால் பழைய மென்பொருளைத் திறந்து, குறிப்புகளைப் படக்கோப்புக்குள் எழுதும் வசதியைத் தேடுங்கள். லைட்ரூமில் 'சேவ் மெட்டாடேட்டா டு ஃபைல்'. மற்றவற்றில் பெயர் மாறலாம். எழுதிய பிறகு ஏற்றுமதி செய்யுங்கள். ஏற்றுமதி ஜன்னலில் 'எல்லா மெட்டாடேட்டாவும்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். எடுத்த எடுப்பில் பத்தாயிரம் படத்தையும் அனுப்பாமல், ஒரே ஒரு படத்தை அனுப்பி இன்னொரு மென்பொருளில் திறந்துபாருங்கள். சோறு பதம் பார்க்கிற அதே கணக்கு.

நான்காவது, படத்தோடு ஒட்டிக்கொண்டு வரும் துணைக் கோப்புகளைப் படத்தின் பக்கத்திலேயே வையுங்கள். எக்ஸ்.எம்.பி., ஜேசன், பிக்காஸா.ஐஎன்ஐ எதுவானாலும் சரி. அதில் உள்ளதைப் படத்துக்குள் சேர்க்க ஃபில் ஹார்வி என்கிற கனடாக்காரர் 2003-லிருந்து 'எக்ஸிஃப்டூல்' என்ற கருவியை இலவசமாகவே கொடுத்து வருகிறார். கட்டளைகளைத் தட்டச்சு செய்து இயக்கவேண்டும். வீட்டில் கம்ப்யூட்டர் படித்த பிள்ளை இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. மூலப் படங்களின் இன்னொரு பிரதி எடுத்து வைத்துவிட்டு ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.

ஐந்தாவது, வாட்ஸ்அப்பில் உறவினருக்கு அனுப்பும்போது 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள். அளவும் குறையாது, தேதியும் போகாது.

ஆறாவது, தமிழில் குறிப்பு எழுதுபவர்களுக்கு. 2000 வாக்கில் பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த குறிப்பு இன்றைக்கு வெறும் கிறுக்கலாகத் தெரியலாம். அது அழியவில்லை. அப்படியே எடுத்து யூனிகோடுக்கு மாற்றிப் போட்டால் தமிழ் திரும்பி வரும்.

இத்தனையும் இயந்திரத்தால் ஆகக்கூடியவை. ஆகாத ஒன்று இருக்கிறது. உங்கள் பரணில் ஒரு தகரப்பெட்டியோ பிளாஸ்டிக் கவரோ இருக்கும். அதில் கறுப்பு வெள்ளையில் ஒரு குடும்பப் படம். நடுவில் தாத்தா, பாட்டி. இடது ஓரத்தில், தூணைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண். யார் அது? முதுகில் ஒன்றும் எழுதவில்லை. உங்களுக்குத் தெரியாது. உங்கள் அப்பாவுக்கும் சந்தேகம். தெரிந்தவர் ஒரே ஒருவர். எண்பது வயது தாண்டிய அத்தை. அந்தப் படத்தின் பேரேடு அவர் தலைக்குள் மட்டும்தான் இருக்கிறது. அதற்கு இன்னொரு பிரதி கிடையாது.

எக்ஸிஃப்டூலை அடுத்த மாதம்கூட இறக்கிக்கொள்ளலாம். அத்தை வீட்டுக்கு இந்த வாரமே போய்வாருங்கள். பென்சில் எடுத்துக்கொண்டு போங்கள்.